பட்டாசுக் கம்பெனிக்கு டேட்டாபேஸ் பிடித்த கதை

பட்டாசுக் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் விற்கிறவன், தீப்பிடிக்காத சரக்கை விற்றுக்கொண்டே தினமும் வெந்து சாகிறவன். கரண்ட் வருவதே விருந்தாளி வருகிற மாதிரி இருந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்களில், சிவகாசிப் பக்கம் இந்தத் தொழிலில் மாட்டியிருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அச்சாபீஸில் மை அள்ளி, கம்ப்யூட்டர் கடையில் பெட்டி தூக்கி, பேசிப் பேசியே மேலே வந்தவன். புரோகிராம் எழுதுவது என்னோடு கூட்டாகத் தொழில் செய்த ஜெயந்தி. சண்டை போடுவது என் பொறுப்பு.

பேரம்

வெம்பக்கோட்டையைத் தாண்டி ஒரு கம்பெனி. எந்த அறையில் என்ன வேலை, எத்தனை ஆள், எந்த அறைக்கு எப்போது மருந்து போகலாம் என்று கம்ப்யூட்டரே திட்டம் போட்டுச் சீட்டு அடித்துத் தர வேண்டும். மருந்து என்றால் வெடிமருந்து. சீட்டைக் காட்டினால்தான் கலவை அறையிலிருந்து அது வெளியே போகும். ஓர் அறை கையில் இருப்பதை முடித்தால்தான் அந்த அறைக்கு அடுத்த சீட்டு. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கவும் முடியாது. அதனால் வேலை நடுவில் கம்ப்யூட்டர் பெட்டி படுத்தால் மொத்தக் கம்பெனியும் படுத்துவிடும்.

முதலாளி, நிற்கவே கூடாது என்றார். கோயிலிலேயே மத்தியானம் நடை சாத்துகிறார்களே என்று ஆரம்பித்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது நிற்க விட வேண்டும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தரமாட்டேன் என்றார். விலை பேசும்போது செய்கிற அத்தனை வித்தையும் செய்தேன். கோபமாக எழுந்து வாசல்வரை போய், செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பியும் வந்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி தம்பி, ஒரு டீ குடிக்கிற நேரம் தர்றேன். ஆனா சுடச்சுடக் குடிக்கணும். ஆத்தி ஆத்திக் குடிக்கிற கதையெல்லாம் இங்கன ஆகாது."

பழைய சரக்கு

அரிசி மில், ஜவுளிக்கடை என்று நான் விற்ற எல்லா இடத்திலும் ஓடிய டேட்டாபேஸ் ஒன்று இருந்தது. எல்லாக் கணக்கையும் ஒரே கோப்பில் போட்டு வைக்கும். அதையே இங்கேயும் வைத்தேன். ஜெயந்தி வேண்டாம் என்றாள். எனக்குத் தெரியாததா என்று கத்தினேன்.

நல்லவேளை, முதலில் ஒத்திகை. சீட்டு அது பாட்டுக்கு வரும். மருந்து பழையபடி போர்மேன் மாரியப்பன் கைப்பட எழுதித் தருகிற சீட்டுக்குத்தான் போகும். மறுநாளே, பெட்டி கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பேட்டரியும் காலை வாரியது. கரண்ட் வந்து திறந்தால் கோப்பு உடைந்து, எந்த அறையில் என்ன வேலை என்பதே இல்லை. நான் மின்வாரியத்தைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன், மேஜையைக்கூட ஒரு உதை விட்டேன். மாரியப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாங்க கலக்குற மருந்துகூட இம்புட்டு லேசா வெடிக்காதே."

மாப்பிள்ளை வீட்டார்

அடுத்தது, காசு கொடுத்து வாங்குகிற பெரிய டேட்டாபேஸ். விற்க மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒருத்தர் வந்தார். இது எவ்வளவு மெமரி தின்னும், ஏசி இல்லாத அறையில் ஒத்துப்போகுமா, கூடமாட ஓர் ஆள் இருந்து கவனிக்க வேண்டுமா, தீபாவளி சீசனில் நோவு வந்தால் வெம்பக்கோட்டைக்கு யார் வருவார்கள் என்று விடாமல் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு, போனில் சொன்னால் பதிவு செய்துகொள்வார்கள் என்றார். பதிவு செய்தால் பெட்டி எழுந்துவிடுமா என்று எகிறினேன். மனுஷன் பையை மூடிவிட்டார்.

"சார், நீங்க டேட்டாபேஸ் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?"

ரெண்டு சீட்டு

ஜெயந்தி முதலிலிருந்தே சொல்லிவந்தது இலவசமாகக் கிடைக்கிற டேட்டாபேஸ் ஒன்றை. கேட் ஆபீஸில் ஒரு பெட்டி, குடோனில் ஒரு பெட்டி, நடுவில் ஒயர். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதிவிட்டுத்தான் 'முடிந்தது' என்று சொல்லும். ஒன்று செத்தால் மற்றது தானே தலைமை ஏற்க வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். டீ நேரம் ஒத்துக்கொண்டவன் நானல்லவா! கரண்டைப் பிடுங்கிப் பார்த்தோம், பிரமாதம். பெட்டியையே அணைத்துப் பார்த்தோம், அதுவும் பிரமாதம். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

பிறகு ஜெயந்தி நடுவில் ஓடிய ஒயரை மட்டும் உருவினாள். கேட் பெட்டி, குடோன் பெட்டி செத்தது என்று நினைத்தது. குடோன் பெட்டி, கேட் பெட்டி செத்தது என்று நினைத்தது. ரெண்டும் தலைவராகி, ஒரே அறைக்கு ஆளுக்கொரு சீட்டு அடித்தன. மாரியப்பன் ரெண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு சீட்டுன்னா ரெண்டு மடங்கு மருந்து போவும் அண்ணாச்சி. அந்த ரூம்ல எங்க வீட்டுக்காரி உக்காந்திருக்கா."

திரும்பப் பேரம்

ரெண்டு சீட்டையும் வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஜெயந்தி மூன்றாவதாக ஒரு பழைய பெட்டியைச் சாட்சிக்கு வைக்கலாம் என்றாள். மூன்றில் ரெண்டு ஒத்துப்போனால்தான் சீட்டு வரும். துணையில்லாமல் தனியாக மாட்டிக்கொண்ட பெட்டி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு வம்பு: மூன்றும் பிரிந்து போனால் மொத்தமும் நின்றுவிடும், டீ நேரம் கணக்கெல்லாம் செல்லாது. பேசி முடித்த பேரத்தை நானே முறிக்கப் போனது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். வசவுக்குத் தயாராகி, பதிலுக்குக் கத்தவும் தயாராகித்தான் போனேன். முதலாளி முழுசாகக் கேட்டார்.

"வானத்துல மின்னல் வெட்டுனா நானே வேலைய நிப்பாட்டி அம்புட்டுப் பேரையும் வெளிய அனுப்பிருதேன். ஒம் பெட்டிக்கு மட்டும் என்னப்பா வீராப்பு?"

லோடு லாரி

சாட்சிப் பெட்டியை கேட் பக்கமே வாட்ச்மேன் அறையில் வைத்தோம். இந்தத் தடவை ஒத்திகை இல்லை, நிஜச் சீட்டு, நிஜ மருந்து. தீபாவளி சீசன் உச்சத்தில் ஒரு நாள், குடோன் கிளார்க் போனில் கத்தினார்: பெட்டி மௌனவிரதம் இருக்கிறதாம், ஒரு சீட்டும் தரமாட்டேன் என்கிறதாம், உச்சிவரை பட்டாசு அடுக்கிய லாரி ஒன்று ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஒயர் என்று கேட்டதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. சாத்தூரிலிருந்து வண்டியை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன், எங்காவது புகை தெரிகிறதா என்று.

கேட்டில் மாரியப்பன் நின்றிருந்தார். நான் வண்டியை நிறுத்தாமலே, அவர் வீட்டுக்காரி வேலை பார்க்கிற அறைக்கு எத்தனை சீட்டு போனது என்று கேட்டேன். கேட் பெட்டியும் சாட்சியும் சேர்ந்து வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தன. குடோன் பெட்டி மட்டும் யார் அதட்டியும் வாய் திறக்கவில்லை.

"ஒத்தச் சீட்டுதான் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி இப்பத்தான் சாப்பிட வெளிய வந்தா, அந்தா வேப்பமரத்தடியில கொழம்பு சரியில்லன்னு என்னைய வஞ்சுக்கிட்டு இருக்கா. நீங்க மொதல்ல வண்டிய விட்டு எறங்குங்க."

நிற்கவே நிற்காது என்று கூவி விற்ற நான் அன்றிலிருந்து, சந்தேகம் வந்தால் நின்றுவிடும் என்று பெருமையாகச் சொல்லித்தான் சரக்கு விற்கிறேன். வாங்க வருகிறவர்கள்தான் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.