செயலாளர் சாரின் 'மீன்வைல்'

முடிச்சூரில் எங்கள் அபார்ட்மென்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. இன்று காலை ஏழு மணிக்குத்தான் லாரி வந்து சம்ப் நிறைந்தது.

எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் சாரின் ஆங்கில அறிவிப்பு. குடியிருப்போர் அனைவரும் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்களாம். 'மீன்வைல்', அதாவது அதே நேரத்தில், எஃப்-2 வீட்டுக்காரர் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தாராம்.

எஃப்-2 நான்தான்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சார், நான் வண்டி கழுவுனது நேத்து சாயங்காலம். அதுவும் அரை வாளித் தண்ணியில."

"தெரியும் சார்," என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்துன்னு போட்டா யாருக்குக் கோபம் வரும்? மீன்வைல்னு போட்டாத்தான் ஒரு எஃபெக்ட்."

அதற்குள் மொட்டை மாடியிலிருந்து வாட்ச்மேன் கத்தினார்: "சார், மோட்டார ஆஃப் பண்ணுங்க! டேங்க் ரொம்பி வழிஞ்சிகினு கீது!"

மோட்டாரைப் போட்டுவிட்டு அறிவிப்பு எழுத உட்கார்ந்தவர் சாட்சாத் செயலாளர் சாரேதான்.

மேலே ஓடிப்போய், வழிகிற டேங்கைப் படமெடுத்து, அவருடைய அறிவிப்புக்குக் கீழேயே போட்டேன். கூடவே ஒரே ஒரு சொல்: மீன்வைல்.

பதினான்கு பேர் சிரித்தாயிற்று. செயலாளர் சார் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அரை மணி நேரமாக 'டைப்பிங்' என்று காட்டுகிறது.

எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மோட்டார் ஆஃபில் இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.