நாலில் ஒன்றுதான் ஓடுகிறது

இன்று காலை மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பினார். பேரனின் காதுகுத்துக்கு அவரால் வர முடியவில்லை. அந்த வீடியோவையாவது சிடியில் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்புகிற நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஜீப் நிற்கிறது. கரண்ட் போகும் நேரமும் நெருங்குகிறது. வீடியோ பாதிகூட ஏறவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பழனி முருகனைக் கும்பிட்டபடி அவர் பின்னால் நின்றோம்.

மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் எனக்கில்லை. மகளிடம்தான் சொன்னேன்.

"ஏ செல்வி, புது மிஷினு ஏன் இம்புட்டு மெதுவா ஓடுதுன்னு கேளு."

அவரும் அவளிடமே பதில் சொன்னார். "உள்ள நாலு மூளை இருக்கு செல்வி. இந்த சாஃப்ட்வேர் ஒண்ணைத்தான் வேலை வாங்குது. மத்த மூணும் சும்மா கெடக்கு."

"முருகா! நாலு பேரை வச்சுக்கிட்டு ஒருத்தன் தலையிலயா கட்டுறது? அந்த மூணையும் வெரசா எழுப்பிவிடச் சொல்லுத்தா!"

செல்வியின் இடுப்பில் பிள்ளை, கையில் மூடாத சூட்கேஸ், அடுப்பில் பொங்கும் பால். வெடித்துவிட்டாள்.

"இங்கயும் நாலு பேருதாம்மா இருக்கோம். நீங்க மூணு பேரும் மிஷினையே பாத்துக்கிட்டு நிக்கீங்க!"

வீட்டுக்காரர் சூட்கேஸை வாங்கினார். நான் அடுப்படிக்கு ஓடினேன். மாப்பிள்ளை எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

சிடி முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. அவர் கவனிக்கவேயில்லை. பிள்ளையின் காதில் கிடந்த தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் அவருக்குப் பிள்ளையை இறக்கிவிட மனமில்லை.

சிடியைத் தபாலில் அனுப்பிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் எத்தனை ஓடுகிறது, எத்தனை சும்மா கிடக்கிறது? கம்ப்யூட்டரை நான் கேட்கவில்லை.