சுமதியின் ஆட்டுக்குட்டியும் என் வயிற்றெரிச்சலும்

படம் வரைந்து பிழைக்கிற தொழிலில் பெயிண்ட் வாசனை பழகிவிடும், ஏணி பழகிவிடும். பக்கத்தில் இருக்கிறவர் நம்மைவிட நன்றாக வரைவது மட்டும் பழகவே பழகாது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எனக்கு இதுதான் வேலை. கடைச் சுவர், முன்பள்ளிச் சுவர், கோயில் சுவர், ஆட்டோவின் முதுகு என்று எங்கே இடம் கொடுத்தாலும் வரைவேன். நீங்கள் பாடுகிறவராக இருக்கலாம், மேளம் அடிக்கிறவராக இருக்கலாம், நாடகம் போடுகிறவராக இருக்கலாம். கூட நின்றவருக்குக் கைதட்டல் விழும்போது உங்கள் வயிறு எரிந்திருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். என் கதையில் கைதட்டல் வாங்கியவள் என் மனைவி சுமதி.

கதவோரத்து ஆடு

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் சுவர்ப்படம் போடக் கூப்பிட்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்தவர் கொழும்புக்குப் போய்விட்டதால், பெயிண்ட் கலக்கித் தர சுமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை அவள் என் பிரஷ்களைக் கழுவியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் சுவரின் நடுவில் ஒரு சிங்கம் போட்டேன். பிடரி மயிரை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. கதவோரமாக ஈரம் ஊறிக் கறுத்த இடம் ஒன்று இருந்தது. "அத எதையாச்சும் பூசி மறைச்சிரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், அந்தக் கறையையே உடம்பாக வைத்து ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. முதல் நாள் முன்பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் வாசலில் அப்படித்தான் நிற்பார்கள். பிள்ளைகள் என் சிங்கத்தைத் தாண்டி ஓடிப்போய் ஆட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி தன் பிஸ்கட்டை அதன் வாயில் வைத்துத் தேய்த்தாள். டீச்சர் சிங்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, சிங்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த இடத்தில ஆட்டுக்குட்டியோட அம்மாவப் போட்டிருக்கலாங்க."

போட்டோ மாதிரி

டவுனில் பேக்கரி வைத்திருக்கிற ஒருவர், காலமான தன் அப்பாவின் படத்தைக் கடைச் சுவரில் பெரிதாக வரையச் சொன்னார். அடையாள அட்டைப் போட்டோ ஒன்றுதான் இருந்தது. கட்டம் போட்டு, அளந்து, மூக்கின் நிழல்கூடப் பிசகாமல் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் "அச்சு அசல்" என்றார்கள். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

சுமதி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்தப் பெரியவரிடம்தான் பணிஸ் வாங்குவாளாம். அன்றைக்கும் என்னோடு வந்திருந்தவள், கேக் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, மேசையில் கிடந்த பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்கு மேலே முழங்கையை ஊன்றி, "என்னா வேணும்?" என்று கேட்கிற பாவனையில் ஒரு மனிதர் குனிந்திருந்தார். முகம் பாதிக்குமேல் இல்லை; காது ஒரு வளைவு, அவ்வளவுதான். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அட்டையைக் கையில் வாங்கியவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாண் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று யோசித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "நீங்க வரைஞ்சது போட்டோ மாதிரியே இருக்கு தம்பி, கொற சொல்லவே முடியாது. ஆனா இது எங்க அப்பா."

அடுப்புக்குப் போகிற படங்கள்

அதற்குப் பிறகு வீட்டில் அவள் கை சும்மா இருப்பதில்லை. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கப் படம். பஸ்ஸில் தூங்கி விழுகிற பெண், லயத்து வீட்டுக் கூரையில் காய்கிற மிளகாய், பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க நின்று சண்டை போடுகிறவர்கள். சண்டைக்காரிகளின் கைகளைப் பார்த்தாலே வசவு காதில் விழும். நான் ஒரு கையை வரைய எத்தனை தடவை அழிப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வரைந்து முடித்ததும் அவள் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பு மூட்டுவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வராத ஒன்று அவளுக்கு வருகிறது. அதை அவள் பற்ற வைத்து டீத்தண்ணி கொதிக்க வைக்கிறாள். ஒரு நாள் அடுப்புக்குள் கைவிட்டு ஒரு தாளை இழுத்தேன். விரல் சுட்டது. "எரிக்கிறதுக்கு எதுக்கு வரையிற?" என்று கத்தினேன்.

"வரையிறப்ப நல்லா இருக்கு. முடிஞ்சா முடிஞ்சிச்சு" என்றாள். பிறகு என் விரலைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க எதுக்கு வரையிறீங்க?"

"வேறெதுக்கு, சம்பாதிக்கத்தான்."

அவள் சிரிக்கவில்லை. "சம்பாதிக்க மட்டும்னா ஒங்களுக்கு இம்புட்டுக் கோவம் வராதுங்க."

ஹெல்பர்

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முனியாண்டி கோயில். திருவிழாவுக்கு முன்னால் வெளிச்சுவரில் சாமியின் வெள்ளைக் குதிரையை வரைய வேண்டும் என்று கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் வீடு தேடி வந்தார். கதவைத் திறந்தவன் நான். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "அக்கா இருக்காங்களா?" என்றார். பேக்கரிக் கதை அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

போனோம். அவள் மூங்கில் சாரத்தில் ஏறினாள். நான் கீழே நின்று வெள்ளையில் நீலம் கலக்கினேன். கழுத்தில் தொடங்கிக் குதிரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் உருவாகி வந்தது. திமிறுகிற குதிரை இல்லை; ஓடி வந்து நின்று மூச்சு வாங்குகிற குதிரை. பார்க்கும்போது என் நெஞ்சும் ஏறி இறங்கியது. சந்தோஷமாக இருந்தது, அதே நேரம் அந்தப் பெயிண்ட் வாளியைத் தூக்கி எறியலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், வரும். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்: "ஹெல்பர் தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படம் மறைக்குது."

குதிரையின் வால்

வால்தான் பாக்கி என்கிற நேரத்தில் மழை சரிந்து வந்தது. பெயிண்ட் காயவில்லை. கூரைத் தண்ணீர் நேராகக் குதிரையின் பின்பக்கம் கொட்டியது. சுமதி சாரத்திலிருந்து இறங்கி ஒதுங்கி நின்று, "போனாப் போகுது, திரும்பப் போட்டுக்கலாம்" என்றாள். அது கரைந்து போனால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று மனதுக்குள் நினைத்தவன்தான் நான். ஆனால் என் கால் கேட்கவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு சாரத்தில் ஏறி, இரண்டு கையையும் விரித்து, பெயிண்டில் படாமல் சுவருக்கு முன்னால் நின்றேன். கழுத்து வழியாகத் தண்ணீர் முதுகில் இறங்கியது. மழை விடும்வரை குதிரைக்கும் எனக்கும் நடுவில் அந்த ஷீட் மட்டும்தான் இருந்தது.

மழை விட்டபோது குதிரை தப்பியிருந்தது. சுமதிக்குக் குளிரில் கை நடுங்கியது. "வால நீங்களே போட்டுருங்க" என்றாள். சுவரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். நல்ல பிரஷ் எல்லாம் நனைந்து கிடந்ததால், மயிர் கொட்டிய பழைய பிரஷ் ஒன்றை எடுத்து, அளக்காமல், யோசிக்காமல் ஒரே வீச்சாக இழுத்தேன். ஓடி வந்த காற்று இன்னும் அந்த வாலில் இருந்தது. என் கையிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை. கமிட்டித் தலைவர் "ஆகா!" என்று சத்தம் போட்டார். நான் திரும்பிச் சுமதியைப் பார்த்தேன். அவள் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதமாக நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம் அது. கடைசியில் அவள் வாயைத் திறந்தாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரைய விட வாலுதான் கண்ணுல படுது."

மனுசன் எதற்காகப் படம் வரைகிறான், பாடுகிறான் என்று யாராவது என்னைக் கேட்டால், பக்கத்தில் படுத்திருக்கிறவரை ஒரு நாளாவது தூங்கவிடாமல் செய்யத்தான் என்று சொல்வேன். அந்த வால் போட்ட அன்றைக்கு மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.