முட்டுக்கட்டை இல்லாத வேகன்

ஐம்பதுகளின் நடுவில், அத்திப்பட்டு உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு உப்புக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் குடும்பத்திலிருந்து, திருவள்ளூரை விட்டு உப்பு விற்கப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மெயின் லைனிலிருந்து பிரிந்து எங்கள் கொட்டகை வரை ஒரு சைடிங் வந்தது. அதில் நிற்கும் வேகன்களில் பெண்கள் கூடையால் உப்பு ஏற்றுவார்கள். ஒரே தண்டவாளம் என்பதால், ஏற்றிய வேகன்களை எடுத்துப்போக எஞ்சின் வராத நாளெல்லாம் அவர்களுக்கு வேலை கிடையாது. வெயிலில் நடந்து வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போவதைப் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது தண்டவாளம் கேட்டு எழுதினோம். இடம் பார்க்க ரயில்வே அதிகாரி ஒருவர் வருவதாகப் பதில் வந்தது.

காகிதத்தில் வரைந்து காட்டினால் போதாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு பலகையில் சைடிங் முழுவதையும் சின்னதாகச் செய்தேன். தண்டவாளத்துக்குத் துடைப்பக் குச்சி. வேகனுக்குத் தீப்பெட்டி. சக்கரத்துக்குச் சட்டைப் பித்தான். என் சட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்த மார்போடு நிற்க ஆரம்பித்ததும், வீட்டில் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. உப்புக் குவியல் மட்டும் நிஜ உப்பு.

உப்பு ஏற்றும் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும்; வாய் மட்டும் ஊரளவு. குனிந்து பார்த்தவள், "இன்னா சாமி, எல்லாம் கீது, கட்டைய காணோமே?" என்றாள்.

நிற்கும் வேகன் நகராமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னே போடும் மரக்கட்டையைத்தான் சொன்னாள். உப்புக் காற்றில் துருப்பிடித்த பிரேக்கை அந்தப் பெண்கள் நம்பவே மாட்டார்கள். ஒவ்வொரு வேகனுக்கும் கட்டை வைத்த பிறகே கூடையைத் தூக்குவார்கள்.

"அது வேகனோட சேர்ந்தது இல்லம்மா" என்றேன்.

"தேருக்கே கட்டை போடுறாங்கோ. வேகனுக்கு வாணாமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் எனக்குப் புத்தி கெட்டது. என் பொம்மை சைடிங் எவ்வளவு சுத்தமாக இருந்ததோ, நிஜமும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சக்கரங்களுக்கு அடியிலும் அங்கங்கேயும் கிடந்த கட்டைகளையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் எறியச் சொன்னேன்.

அவள் ஓடிவந்தாள். "சாமி, மத்தியானம் கடல்காத்து வரும். காலி வண்டி தானா போய்க்கினே இருக்கும்."

"பிரேக் இழுத்துவிட்டாச்சு. நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே!" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது.

அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்து நிஜமாகவே மகிழ்ந்தார். "இதை எடுத்துக்கொண்டு வாருங்கள், இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்றார். இருவரும் தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றோம். பலகை என் கையில். எங்கள் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, ஒரு காலி வேகன். நான் பித்தான் சக்கரத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"சாமி, நவுரு! நவுரு!"

திரும்பினேன். வேகன் சத்தமே இல்லாமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதிகாரி என் தோளைப் பிடித்து இழுத்தார். அதே நேரம், வேகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தன் கவிழ்த்த கூடையைத் தள்ளிவிட்டு, அதனடியில் ஒளித்து வைத்திருந்த கட்டையை எடுத்துச் சக்கரத்தின் முன்னே போட்டாள். சக்கரம் கட்டையில் ஏறி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

வியர்வையில் என் சட்டை நனைந்துவிட்டது. அவளும் மூச்சிரைத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "முட்டுக்கட்டை போடாதேன்னு சொன்னே. போட்டுட்டேன் சாமி, மன்னிச்சுக்கோ" என்றாள்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டைகளை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அதிகாரியிடம் சொன்னேன். இரண்டாவது லைன் அத்தோடு போயிற்று, அத்தனை பெண்களின் பிழைப்பையும் என் வீண் பகட்டு கெடுத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டாவது லைனுக்கு அனுமதி. ஆனால் நிற்கும் ஒவ்வொரு வேகனுக்கும் மரக்கட்டை போட்டே ஆக வேண்டும். அதை நான் உரக்கப் படித்தபோது, அவள் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு தன் கட்டையிலிருந்து ஒரு சிராயை உடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அதைப் பித்தான் சக்கரத்தின் முன்னே வைத்து ஒட்டினேன்.

அந்தப் பலகை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. உப்பு கரைந்துவிட்டது, பித்தான்கள் பாதி உதிர்ந்துவிட்டன, சிராய் மட்டும் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் நான் ஆசையாகத் தொடங்கும் காரியத்துக்கு யாராவது முட்டுக்கட்டை போட்டால், கோபப்படுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.