மாதா கோயில் சுற்றுக்கு வரி உண்டா?

சைலன்சர் ஓட்டையான ஒரு பைக், தெருமுனையில் இரண்டு முறை இருமி அடங்கும். சேவியர் வந்துவிட்டார் என்று தலை நிமிராமலே தெரிந்துகொள்வேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதியே கண்ணாடி தடித்தவள் நான். துறைமுகத்துக்கு ஓடுகிறவர்கள் வெயிலில் வாடுவார்கள். அவர்கள் ஓடிய தூரத்தைக் கூட்டுகிற நாங்கள் மின்விசிறிக்குக் கீழேயே வாடுவோம். அந்த வாட்டம் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வீடு சேராது

அலுவலக வேலையாக ஓடியதற்குத் தரும் பெட்ரோல் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சம்பளமாகி, வரி பிடித்துவிடுவார்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்கு வருவது இதில் சேராது என்றேன். கப்பல்களுக்குக் காகிதம் கொண்டுபோகும் சேவியருக்கு மனசு ஆறவில்லை.

"அப்ப வீட்டுலேர்ந்து இங்கன என்ன, காத்து வாங்கவாக்கா வாரேன்?"

கடலில் ஓடிய பைக்

ஒருநாள் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே, கடலில் நங்கூரமிட்டு நின்றது. படகில் போய்வந்த தூரத்தையும் பைக் கணக்கில் சேர்த்திருந்தார். படகுக்குத்தான் கம்பெனி தனியாகக் கொடுத்துவிட்டதே, பைக் கரையில்தானே நின்றது என்றேன்.

"நின்னுச்சுதான். வெயில்லல்லா நின்னுச்சு, அதுக்கு ஒண்ணும் கிடையாதா?"

ஆடிட்டர் பிடித்த சுற்று

மார்ச்சில் மதுரையிலிருந்து ஓர் இளம் ஆடிட்டர் வந்தார். சேவியர் துறைமுகம் போன தூரம் எல்லா நாளும் கூடுதலாக இருந்தது. எதிரே குண்டு குண்டான எழுத்தில், 'மாதா கோயில் வழி' என்று காரணம். கப்பலேறப் போகிறவன் மாதாவைக் கும்பிடாமல் போகக்கூடாது என்பது அவர் குடும்பத்து வழக்கம். சொந்த ஓட்டம் கலந்த கணக்கை நம்ப முடியாது, வருஷப் பணம் முழுவதையும் சம்பளத்தில் சேர்த்து வரி பிடியுங்கள் என்றார் ஆடிட்டர். அந்த மாதச் சம்பளத்தை நம்பித்தான் சேவியரின் மகள் ஜெனிபரின் கடைசி வருட பீஸ் நின்றது. கட்டாவிட்டால் பரீட்சை கிடையாது.

சேவியரைக் கூப்பிட்டேன். "மீட்டர் காட்டுனத எழுதுனேன், போன வழியையும் எழுதுனேன். பொய்யா எழுதச் சொல்லுதியளா?" என்றார்.

ஆடிட்டர் அந்தப் பக்கங்களை மறுபடி புரட்டினார். பிறகு என்னிடம், "ஏமாத்துறவங்க மாதா கோயில்னு எழுத மாட்டாங்க மேடம். அந்தச் சுற்றை மட்டும் கழிச்சிடுங்க, மீதி இருக்கட்டும்" என்றார்.

சேவியர் தானே பேனாவை வாங்கிக் கோடு போட ஆரம்பித்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"கழிக்கட்டும்க்கா! கம்பெனி பெட்ரோல்ல போயிக் கும்பிட்டா, புண்ணியம் கம்பெனிக்குல்லா போயிரும்!"

சேவியர் ஓய்வுபெற்றபின் ஜெனிபர் அதே வேலையில் சேர்ந்து, சைலன்சர் மாற்றிய அதே பைக்கில், எனக்குச் சத்தமே கேட்காமல், மாதா கோயில் வழியாகத்தான் துறைமுகம் போகிறாள். அந்தச் சுற்றுக்கான பெட்ரோலை மட்டும் அப்பா போடுகிறார்.