பழசுக்குப் பூசிய சுண்ணாம்பு

கெங்கம்மாள் வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, வறுத்துக்கொண்டே கலங்கரை விளக்கத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பாள். எவனாவது கரிக்கட்டியோடு சுவரை நெருங்கினால் போதும், எழுந்துவிடுவாள். "பேரு எழுதணும்னா ஒன் ஊட்டு செவுத்துல எழுதிக்கோ! இத்த உன் மாமனாரா வந்து தொடைப்பான்?" வெள்ளை வேட்டிக்காரர்கள்கூடக் கரியைக் கடாசிவிட்டு, பயத்திலேயே அரைப்படி மல்லாட்டை வாங்கிப் போவார்கள்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகிற பஸ் கடைசியாக நிற்கும் ஊர் பனந்துறை. துறையும் இல்லை, கப்பலும் இல்லை. மூட்டை ஏற்றக் கப்பல் வந்த காலத்தில் கட்டிய விளக்கு மட்டும், வெளிச்சம் போய் நிற்கிறது. அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் உள்படிகளைக் கூட்டி, புறா எச்சத்தைக் கழுவி, வாசலில் கோலம் போட்ட பிறகுதான் அடுப்பு. ஏன் என்றால், "தனியா நின்னுக்கினு இருக்குது, பாவம்" என்பாள். அந்த விளக்கு என்றால் அவளுக்கு உயிர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அதற்கு ஆபத்து வந்தது. ரோட்டுக்கு ஜல்லி வேண்டும், இதை இடித்துக்கொள்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் மனுப் போட்டார். வைப்பதா, இடிப்பதா என்று பார்த்துச் சொல்லச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சேதி. கெங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்தாள். திண்டிவனம் மார்க்கெட்டில் போன வருஷத்து மல்லாட்டையை எவனும் சீந்தமாட்டான். பழசு என்று தெரிந்தால் தள்ளிவிடுவான். அவள் கண்ட நியாயம் அது. உடனே கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்து, ஏணி போட்டு, கை எட்டிய மட்டும் பூசித் தள்ளினாள். வாசலுக்கு மேலே எழுத்து வெட்டிய கல் ஒன்று குழிகுழியாக அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு.

அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார். "எப்பம்மா கட்டினது?"

"இப்பதாங்க ஐயா! புத்தம் புதுசு. ஒரு கீறல் இருக்குதா பாருங்க!"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. "பழசுன்னு பார்த்தாலே தெரியுதும்மா. ஆனா நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு ஆதாரம் இருந்தாத்தான் சர்க்கார் காப்பாத்தும். வருஷம் வெட்டின கல்லு இருக்குன்னாங்க, அதையும் காணோம். இல்லாட்டி இடிக்க வேண்டியதுதான்."

பழசு வேண்டும் என்று கேட்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பேஜாரா பூட்டுதே! பழசுதாங்க ஐயா, படுபழசு!" கீழே கிடந்த ஓட்டாஞ்சில்லு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஏணியில் ஏறியவள், கல்லைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினாள். சுண்ணாம்பு அவள் தலையெல்லாம் கொட்டியது.

கீழிருந்து அதிகாரி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு."

"அது போதுமாங்க? கொறைச்சலா இருந்தா சொல்லுங்க, இன்னும் சொரண்டறேன்."

"தாராளமாப் போதும். இனிமே இதை யாரும் இடிக்க முடியாது. இறங்கி வாம்மா."

அவள் இறங்கவில்லை. கண்ணில் தூசு விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல், தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் குழிகளில் ஒவ்வொன்றாக மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.