பார்சல் பிரிக்கும் விதிகள்

என் கணவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் சேஃப்டி பிரிவில் வேலை. யார் ஹெல்மெட் போடவில்லை, யார் எங்கே வழுக்கி விழுந்தார் என்று எழுதி வைப்பது அவர் தொழில். சின்ன அடி பட்டால் ஆட்கள் சொல்வதில்லை, திட்டுவார்கள் என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய தினசரிப் புலம்பல். சின்ன அடியை மறைத்தால் பெரிய அடி வரும் என்பார். இதையெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வந்தால் நான் ஏன் குறை சொல்லப்போகிறேன்? கேஸ் சிலிண்டர் வந்தால் சோப்பு நுரை தடவிப் பார்க்கிற மனிதர். ஆன்லைனில் சாமான் வாங்கும் பழக்கம் எங்கள் பிளாக்குக்கு வந்தபோது அவருக்குப் புதுத் தெம்பே வந்துவிட்டது.

தொடங்கி வைத்தவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா. ஃபோனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பட்டுப்புடவைக்குப் பணம் கட்டினார். வந்த பொட்டலத்தில் இரண்டு கிழிந்த சுடிதார் துணி. அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். "வூட்டுக்காரருகிட்ட என்னான்னு சொல்லுவேன்" என்று எங்கள் வாசலில் நின்று அழுதார். நான் டீ போட்டுக் கொடுத்து சமாதானம் சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு உள்ளே வந்து, விடுமுறைக்கு வந்திருந்த என் பெண்ணிடம், "கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு? இந்த வெலைக்குப் பட்டு குடுக்க அவன் என்ன இவங்க மாமனா மச்சானா?" என்று சொல்லிச் சிரித்தேன். நான் நெல்லிக்குப்பத்துக்காரி. வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அந்தப் புடவைக் கதை காய்கறிக்கடை வரை போனதில் என் கைங்கரியமும் உண்டு.

கணவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் விதிகள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். தெரியாத தளத்தில் வாங்கக் கூடாது. ஃபோனில் வரும் ஓடிபியைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது. பொருள் கைக்கு வந்த பிறகுதான் பணம். பார்சலைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கத்தி பிடிக்க, ஒருவர் வீடியோ எடுக்க. பெட்டியின் சீல் உடையவில்லை என்று நாலு பக்கமும் காட்டிய பிறகுதான் கத்தி வைக்கலாம். ஒவ்வொன்றும் நியாயமான விதிதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு குக்கர் காஸ்கெட் காலையில் வந்து மேசைமேல் கிடக்க, அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றைக்குச் சோற்றை வடித்துத்தான் ஆக்கினேன்.

அந்த வருஷம் எங்கள் பெண் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பழைய லேப்டாப் செத்துப்போனது. மாதக் கடைசியில் பிராஜெக்ட் ரிவ்யூ. அதில் காட்ட ஒன்றும் இல்லை என்றால் டிகிரி ஆறு மாசம் தள்ளிப்போகும். ஹாஸ்டல் முகவரிக்கு ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் வந்துவிடும். இவர் ஒப்பவில்லை. சென்னை ஏமாற்றுகிறவர்களின் ஊராம். பார்சல் நெய்வேலிக்கு வருமாம், இவர் சோதிப்பாராம், பிறகு அது சென்னைக்குப் போகுமாம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே கிடைக்கிற ஊசியை இங்கே வரவழைத்துத் திரும்பச் சுமந்துபோவதை இவரிடம்தான் பார்த்தேன். நான் சண்டை போட்டேன். பெண்ணும் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "சரிப்பா" என்றாள். அப்பாவிடம் எதற்கும் எளிதில் சரி சொல்லாதவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டு நாள் ஆனது. தினமும் ஃபோன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், ஆச்சு என்பாள். ஒருவழியாக வந்த பார்சலை இவர் கூடத்து மேசையில் வைத்து, சீல் உடையாததைப் படம்பிடித்து, என்னை வீடியோ எடுக்கச் சொல்லிப் பிரித்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அவருக்கு ஷிஃப்ட் இருந்ததால் நான்தான் பஸ் ஏறினேன். பெட்டியை மேலே வைக்காதே, தூங்காதே, பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காதே என்று பண்ருட்டி தாண்டும்வரை மூன்று முறை ஃபோன். மடியில் அந்தப் பெட்டியோடு கால் மரத்துப்போய்ச் சென்னையில் இறங்கினேன்.

ஹாஸ்டல் வாசலில் பெண் வந்து நின்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அறைத்தோழி சாப்பிடப் போகும் நேரத்தில்தான் அவளுடைய லேப்டாப் இவளுக்குக் கிடைக்குமாம். அதனால் இவள் மெஸ் பக்கமே போவதில்லையாம். அந்தத் தோழிதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கொண்டுபோன முறுக்கு டப்பாவை அலமாரியில் வைக்கப் போனேன். துணிகளுக்குப் பின்னால் இதே அளவில் இன்னொரு பெட்டி. திறந்தால், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு டைல்ஸ் துண்டு. துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. விடுமுறையில் ஒரு கம்பெனியில் வேலை பழகிச் சேர்த்த பணத்தில், எங்களுக்குச் செலவு வைக்காமல் தானே லேப்டாப் வாங்கிவிடலாம் என்று ஏதோ ஒரு தளத்தில் பணம் கட்டியிருக்கிறாள். ஒரு மாதம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் எங்களிடமே கேட்டிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பட்டுப்புடவை ஆன்ட்டி அழுதுகினு போனதும் நீ என்னம்மா சொன்ன?"

ஏமாற்றியவன் மேல் வரவேண்டிய கோபம் முழுக்க என் மேலேயே வந்தது. அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினாள். இதையும் மறைக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று நான் அவள் எதிரிலேயே அவருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது: "பிரிக்கும்போது வீடியோ எடுத்தாளா?"

ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. "ஏங்க, அடி பட்டா மறைக்கிறாங்கன்னு தினம் பொலம்புறீங்களே. நம்ம வூட்லயே ஒருத்தி ஒரு மாசமா மறைச்சிருக்கா. திட்டுவீங்கன்னு பயந்து, நான் சிரிப்பேன்னு பயந்து. ரிவ்யூக்காகச் சோறு திங்காம கெடக்குறா."

ஃபோனை அவளிடம் கொடு என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்த கேள்வி பார்சல் சீல் பற்றி என்றுதான் நினைத்தேன்.

"சாப்டியாம்மா?"

"இன்னும் இல்லப்பா" என்றவள், அப்போதுதான் அழுதாள்.

மெஸ் மூடக் கால் மணி நேரம் இருந்தது. புது லேப்டாப் கட்டிலில் திறந்தபடி கிடக்க, அழுகிறவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.